உதவித்தொகைக்கு முன் ஒரு கோடைக்காலம்

அமெரிக்காவில் ‘ஆயத்தப் பள்ளி’ என்பது, பதின்பருவ மாணவர்களைப் பயிற்றுவித்துப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட தனியார் உயர்நிலைப் பள்ளியைக் குறிக்கும். மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் 1778-இலும் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸெட்டரில் 1781-இலும் பிலிப்ஸ் குடும்பத்தார் நிறுவிய இரு பள்ளிகள் இவ்வகையில் மூத்தவை. இவற்றில் கருப்பின மாணவர் அறவே இல்லாமல் இல்லை. ஹார்வர்டு கல்லூரியில் 1870-இல் பட்டம் பெற்று, அங்குப் பட்டம் பெற்ற முதல் கருப்பினத்தவரான ரிச்சர்ட் கிரீனர் ஆண்டோவரில் பயின்றவரே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் அத்தகையோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலராகவே இருந்தனர்.

அரசுப் பள்ளிகளில் நிறத்தின் அடிப்படையில் மாணவரைப் பிரித்துவைப்பது செல்லாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தவில்லை. நிறத்தைக் காட்டி இடம் மறுக்கும் உரிமை அவற்றுக்கும் இல்லை என்று அந்நீதிமன்றம் கூறியது 1976-இல்தான். எனவே, குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்திலிருந்த 1963-இல் தனியார் பள்ளித் தலைமையாசிரியர்கள் சிலர் ஒன்றுகூடித் தொடங்கிய ‘திறன் தேடல்’ திட்டம் எந்தச் சட்டத்தின் கட்டாயத்தாலும் பிறந்ததன்று. பிற்காலத்தில் ‘எ பெட்டர் சான்ஸ்’, அதாவது ‘மேலானதொரு வாய்ப்பு’, என்னும் பெயரில் அறியப்பட்ட இத்திட்டம், வறிய குடும்பங்களின் திறமைமிக்க பிள்ளைகளைக் கண்டறிந்து, உதவித்தொகையுடன் உறுப்புப் பள்ளிகளில் சேர்ப்பதைத் தன் பணியாகக் கொண்டது.

கட்டணம் மட்டுமே தடையன்று என்பதை உணர்ந்ததே இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. மாநகரச் சேரிப்பகுதிகளிலும் தென்மாநிலச் சிற்றூர்களிலும் வசதி குறைந்த பள்ளிகளில் படித்த மாணவர், அறிவில் குறைவற்றவராயினும், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் முன்பே கற்றுவிட்ட கணிதத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் அறியாதவராய் வகுப்பில் நுழைய நேரிடும் என்பதால், இடைப்பட்ட பள்ளத்தை நிரப்ப ஒரு கோடைக்காலப் பயிற்சி வகுக்கப்பட்டது. டார்ட்மத் கல்லூரியில் 1964-இல் நடந்த முதல் பயிற்சிக்கு 55 சிறுவர்கள் வந்தனர். எட்டு வாரங்கள் ஆங்கிலமும் கணிதமும் கடுமையாகக் கற்பிக்கப்பட்டதோடு, கல்லூரி மாணவர்கள் அவர்களுடனேயே தங்கி வழிகாட்டினர். இப்பயிற்சியை நல்ல முறையில் முடிப்பவருக்கே பள்ளியில் இடம் உறுதி என்பதால், அக்கோடை அவர்களுக்கு வகுப்பறையாகவும் தேர்வுக்கூடமாகவும் இருந்தது. மறு ஆண்டு மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் சிறுமியருக்கும் இத்தகைய பயிற்சி தொடங்கியது.

வறுமை ஒழிப்புக்கென அதிபர் ஜான்சனின் அரசு ஒதுக்கிய நிதி சில காலம் கைகொடுத்தது; அது சுருங்கியபோது தனியார் பள்ளிகளின் உதவித்தொகை இடங்கள் மட்டும் போதவில்லை. டார்ட்மத் அமைந்துள்ள ஹானோவர் ஊரில் 1966-இல் தொடங்கிய மற்றொரு முறை, வெளியூர் மாணவர்களை ஒரே இல்லத்தில் தங்கவைத்து, அவ்வூரின் தரமான அரசுப் பள்ளிக்கு அனுப்பியது. இம்முறை பின்னர் வேறு பல ஊர்களுக்கும் பரவியது.

பாடங்களுக்கு அப்பாற்பட்ட இடைவெளியைக் கோடைப் பயிற்சியாலும் முழுமையாக நிரப்ப இயலவில்லை. சிகாகோவின் தென்பகுதியிலிருந்து 1970-இல் மில்டன் அகாடமிக்கு இத்திட்டத்தின் வழியே சென்ற டெவல் பேட்ரிக், மாணவர் ‘ஜாக்கெட்’ அணிய வேண்டும் என்ற விதியைப் படித்த வீட்டார் காற்றுக்குக் காப்பாகப் போடும் மெல்லிய மேலுடையொன்றை வாங்கித் தந்ததையும், முதல் நாளன்று பிற மாணவர் அனைவரும் தைத்த கோட்டுகளில் நின்றதையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரே சொல் இரண்டு உலகங்களில் இரண்டு உடைகளைக் குறித்தது. அவர் 2007-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் முதல் கருப்பின ஆளுநரானார். பாடகி டிரேசி சாப்மனும் இத்திட்டத்தின் மாணவியே.

நியூயார்க்கில் 1978-இல் பிராங்ஸ் பகுதி ஆசிரியர் கேரி சைமன்ஸ் தொடங்கிய ‘பிரெப் ஃபார் பிரெப்’, எட்டு வாரங்களைப் பதினான்கு மாதங்களாக நீட்டி, வழக்கமான பள்ளிப் படிப்பு தொடரும்போதே இரு கோடைகளிலும் இடைப்பட்ட வார இறுதிகளிலும் கூடுதல் வகுப்புகளை நடத்தியது. ஆயத்தப் பள்ளிக்கே ஓர் ஆயத்தம் தேவை என்னும் பழைய கருத்தை அதன் பெயரே அறிவித்தது.

‘எ பெட்டர் சான்ஸ்’ திட்டத்தில் பயின்றோரை ஆராய்ந்து 1991-இல் நூல் வெளியிட்ட ரிச்சர்ட் ஸ்வைகன்ஹாஃப்ட், வில்லியம் டோம்ஹாஃப் ஆகியோர், அவர்களுள் பலர் உயர்ந்த கல்லூரிகளையும் பதவிகளையும் எட்டியதைக் காட்டினாலும், மேல்தட்டுக் கல்வியும் பழக்கவழக்கங்களும் கைவந்த பின்னரும் நிறம் என்னும் தடை முற்றிலும் அகலவில்லை என்றே கண்டனர். திறமைசாலிகளைத் தேடி அழைத்துக்கொண்ட இம்முறை, அவர்கள் விட்டுவந்த பள்ளிகளைத் திருத்த முனைந்ததன்று. அவர்களுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த ஏனைய பிள்ளைகள் பழைய வகுப்பறையிலேயே தொடர்ந்து படித்தனர்.