மாமரத்தடி லாண்ட்றோவரும் அதன்ர நம்பர் பிளேட்டும்

நண்பன் ஒருத்தனின் வளவில, மாமரத்துக்குக் கீழ கனகாலம் கிடந்த லாண்ட்றோவர் ஒன்றைத் திருத்திக்கொண்டு இருக்கிறம். சீரீஸ் 2. செஸி பாதி கறள் தின்றுபோச்சு. ஆனால் பொடியில கறளே இல்லை. அலுமினியம்.

அலுமினியத்துக்கும் ஒரு கதை இருக்கு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோட பிரித்தானியாவில உருக்குக்குப் பங்கீடு. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. றோவர் கம்பனியின் பொறியியலுக்குப் பொறுப்பாக இருந்த மொறிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவில இருந்த தன்ர காணியில ஓடினது யுத்தத்தில மிஞ்சின அமெரிக்க ஜீப். 1947இல் செய்து பார்த்த முதல் மாதிரியும் ஜீப்பின் செஸிக்கு மேல கட்டினதுதான். 1948 ஏப்ரல் 30 அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில லாண்ட்றோவர் வெளியில வந்தது. அதாவது பிறக்கும்போதே மிச்சசொச்சத்தில பிறந்த வாகனம். அதனால பழைய சாமானில திருத்துறதுக்கு நாங்கள் வெட்கப்படேல்லை.

பொடித் தகடுகள் பெரும்பாலும் போல்ட் நட்டிலதான் நிக்குது. ஒரு கதவு ஒரு வண்டியில, மட்காட் இன்னொரு வண்டியில கழற்றினது. கியர்பொக்ஸ் பழைய இரும்புக்கடையில, நிறுவைக் கணக்கில வாங்கினம். கழுவித் திறந்தால் பற்கள் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. எங்களுக்குக் கைகொடுக்கிற மெக்கானிக் ஐயா 90களின் பொருளாதாரத் தடைக்குள்ள தொழில் படிச்சவர். பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தின காலம் அது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள்தான் அதைத் தாங்கினது. ஒஸ்ரினும் மொறிஸும் யாழ்ப்பாணத்தில தப்பினது அதாலதான். புத்தகத்தில இல்லாத அந்தப் படிப்பு அவரோட கையில கிடக்குது.

நம்பர் பிளேட்டைச் சுரண்டினபோதுதான் சிக்கல். பெயின்ற்றுக்குக் கீழ சிங்கள ‘ஸ்ரீ’.

1956இல் தனிச் சிங்களச் சட்டம். அதுக்குப் பிறகு வாகன இலக்கத்தில ஆங்கில எழுத்தை எடுத்துப்போட்டுச் சிங்கள ஸ்ரீயை வைச்சினம். 1958 மார்ச்சில, புதுசாத் தேசியமயமாக்கின பஸ்கள் அந்த எழுத்தோட வடக்குக்கு வந்தபோது தமிழரசுக் கட்சி தார்வாளியோட இறங்கினது. தெற்கில தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினவை. ஏப்ரல் 9 பண்டா–செல்வா ஒப்பந்தம் போச்சு. மே மாதம் கலவரம். சீரீஸ் 2 இங்கிலாந்தில வெளிவந்ததும் அதே ஏப்ரல்தான், தற்செயல்.

இப்ப எங்களுக்குள்ளயே இரண்டு கட்சி. வண்டியில மாறாமல் மிஞ்சினது அந்த இலக்கம் ஒன்றுதான், புக்கிலயும் அதுதான் கிடக்கு, அப்பிடியே எழுதிப் பூட்டவேணும் எண்டு ஒரு பகுதி. தன்ர அப்பப்பா அந்த எழுத்துக்குத் தார் பூசினவர், அதை நான் தூரிகையால திரும்ப எழுதிக் குடுக்கமாட்டன் எண்டு ஒருத்தி. இரண்டு பேரிலயும் பிழை இல்லை. மெக்கானிக் ஐயாவைக் கேட்டம். “முதல்ல பிரேக்கைப் பிடிக்கப் பண்ணுங்கோ தம்பியவை” எண்டார்.

பிளேட் இன்னும் சுவரில சாத்தினபடி. பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் ஒன்று தேடிக்கொண்டு இருக்கிறம்.