மெதுவா ஏத்து கண்ணு

போன ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து அப்பா போன். எலெக்ட்ரிக் கார் எடுக்கப்போற விஷயத்தைத் தங்கமணி முன்னாடியே போட்டுக் கொடுத்தாச்சு. "ஏங்கண்ணு, பேட்டரி போச்சுன்னா லட்சக்கணக்குல ஆகுமாமா? 15 ஆம்ப் பிளக்லயே மெதுவா ஏத்து. எப்பவும் ஃபுல்லா வச்சுக்கோ. அந்தச் செவுத்துப் பொட்டியெல்லாம் வேண்டாஞ்சாமி" என்றார்.

இங்கே குர்கான்ல 7.2 கிலோவாட் பொட்டி மாட்ட சங்கத்துல ஆறு மாசம் மல்லுக்கட்டி வாங்கின அனுமதி, இன்னும் மை காயலை. கடனோ ஏழு வருஷத்துக்கு. அதுக்குள்ள பேட்டரி படுத்தா? அலுவலகத்தில் ஆணி குறைவா இருந்த ஒரு நாள், இந்த விதியெல்லாம் எங்கிருந்து வந்ததுன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

ஈய-அமில பேட்டரி 1859-ல் பிரான்சின் பிளான்தே கண்டுபிடிச்சது. 1900-களில் அமெரிக்காவில் எலெக்ட்ரிக் கார் பணக்கார வீட்டுப் பொருள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் தான் ஓட்டினாங்க (வீட்டுக்காரர் பெட்ரோல் கார் விற்க, வீட்டம்மா இதுல!). வீட்டுக்கு வர்ற ஏசி கரண்டை பேட்டரிக்கு வேணுங்கிற டிசியா மாத்த, கூப்பர் ஹெவிட் 1902-ல் கண்டுபிடிச்ச பாதரச ரெக்டிஃபையர் கார் ஷெட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தது. ராத்திரி முழுக்க மெதுவா ஏத்தணும். வேகமா ஏத்தினா சூடாகும், வாயு கிளம்பும், தகட்டுல இருக்கிற பொருள் உதிரும். அரைகுறையா விட்டாலோ தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாகிடும். மெதுவா ஏத்து, ஃபுல்லா வை. அப்பா வீட்டு இன்வர்ட்டரும் இதே சாதி. அவர் சொன்னது அந்த பேட்டரிக்கு அட்சர சுத்தம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2003-ல் நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தப்போ எங்க தெருவில் ஒரு ரேவா உண்டு. 2001-ல் வந்த வண்டி. ஆறு வோல்ட் ஈய பேட்டரி எட்டு. ஜன்னல் வழியா வயர் வந்து ராத்திரி பூரா தொங்கும். எட்டு மணி நேரம் ஏத்தினா 80 கி.மீ. கணக்கு. அதுக்கும் முன்னாடி, 1993-ல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் லவ்பேர்ட்னு ஒரு ரெண்டு சீட் வண்டி காட்டினாங்க. சாலக்குடியிலும், சொன்னா நம்பமாட்டீங்க, நம்ம கோயமுத்தூரிலும் செஞ்சது! அப்பாவுக்கே தெரியலை.

ஆட்டத்தை மாத்தினது லித்தியம். 1991-ல் சோனி விற்க ஆரம்பிச்சது. கார்ல பெரிய அளவுல வந்தது 2010 டிசம்பரில், நிசான் லீஃப். பேட்டரியைக் குளிர்விக்க திரவ ஏற்பாடு கிடையாது. 2012 கோடையில் அரிசோனாக்காரங்க பேட்டரி சுருங்குதுன்னு கூப்பாடு போட, அந்த வருஷக் கடைசியில கொள்ளளவுக்கே உத்தரவாதம் தரவேண்டியதாச்சு. அப்புறம் ஐடஹோ தேசிய ஆய்வகம் அதே பீனிக்ஸ் வெயிலில் நாலு லீஃபை 50,000 மைல் ஓட்டிப் பார்த்தது. ரெண்டுக்கு ஏசி சார்ஜ், ரெண்டுக்கு டிசி வேக சார்ஜ். வேகமா ஏத்தினதுக்கு இழப்பு கூடத்தான், ஆனா வித்தியாசம் சில சதவீதம். நாலுமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல இழந்தது. சூடு ரெண்டு பக்கமும் வேலையைக் காட்டியிருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம். 45 யூனிட் பேட்டரிக்கு 7.2 கிலோவாட் என்பது ஆறு மணி நேரத்துக்கு மேல். 15 ஆம்ப் பிளக்கில் 3.3 கிலோவாட்னா பதினாலு மணி நேரம். பேட்டரியைப் பொறுத்தவரை ரெண்டுமே ஆமை வேகம்தான். ஒரு மணி நேரத்துல ஏறுற நம்ம செல்போன் இதைவிட அவசரக் குடுக்கை. அப்பா பயப்பட வேண்டியது ரெண்டாவது விதிக்கு. நிக்கல் சேர்ந்த லித்தியம் பேட்டரியை நூறு சதவீதத்தில் நிரப்பி, இங்கத்த 45 டிகிரி மே மாசத்துல வெயிலில் நிறுத்தினா அதுக்கு ஆயுசு குறையும். தினசரிக்கு 80 போதும், ஊருக்குக் கிளம்புற முந்தின ராத்திரி 100.

ஆனா நான் எடுக்கிறது இரும்பு-பாஸ்பேட் வகை. 1997-ல் குட்எனஃப் குழு வெளியிட்டது. அதுக்கு அடித்தளமான ஆய்வை 1980-களில் அவரோட சேர்ந்து செஞ்சவர் மதுரையில் படிச்ச ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்எனஃபோட நோபல் உரையை அவர் சார்பா வாசிச்சதும் இவர்தான். இந்த வகைக்கு வாரம் ஒருதரம் 100 வரை ஏத்தச் சொல்றாங்க, மீதி எவ்வளவுன்னு கார் சரியா கணிக்கறதுக்கு. அப்பா விதி பாதி திரும்பி வந்துடுச்சு!

அந்த 15 ஆம்ப் பிளக் விஷயத்தில் மட்டும் நான் அசையலை. கீசருக்குப் போட்ட பழைய சாக்கெட்டில் பதினாலு மணி நேரம் கரண்ட் இழுத்தா உருகுறது பேட்டரி இல்லை, சாக்கெட். "தனி லைன், நல்ல எர்த்திங் போட்டுக்கறேங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எலக்ட்ரீசியன் எப்ப வர்றான்? வர்றப்ப எனக்கு போன் போடு, நான் பேசறேன்" என்றார். சனிக்கிழமை வர்றார். அவருக்கு ஹிந்தி மட்டும்தான் தெரியும், அப்பாவுக்கு அது சுத்தமா வராது.