ஓடுபவர்மேல் பட்ட பந்து: ஒரு விதியின் வரலாறு

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையூர்களிலும் பழக்கமான கிரிக்கெட்டில், அடித்த பந்து எதிர்முனை மட்டையாளர்மேல் தற்செயலாகப் பட்டால் அவர் ஆட்டமிழப்பதில்லை. வேண்டுமென்றே தடுத்தால் மட்டுமே வெளியேற்றப்படுவார். இங்கிலாந்தின் மட்டைப்பந்து மரபிலிருந்து அமெரிக்காவில் கிளைத்த பேஸ்பாலோ இதில் வேறு வழியில் சென்றது.

அதன் தொடக்கக்கால வடிவங்களில், தளம் எனப்படும் நிலைகளுக்கிடையே ஓடுபவர்மீது பந்தை எறிந்தே அவரை வெளியேற்றும் வழக்கம் இருந்தது. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகம் எழுதிய விதிகள் அவ்வாறு எறிவதைத் தடுத்து, பந்தைக் கையில் வைத்து ஓடுபவரைத் தொடவோ, அவருக்கு முன் தளத்தில் பந்தைச் சேர்க்கவோ வேண்டுமென்றன.

ஆனால் அடிக்கப்பட்ட பந்து வேறு வகையில் கருதப்பட்டது. எல்லைக்குள் உருளும் பந்து, தளங்களையொட்டி நிற்கும் உட்களக் காப்பாளர் ஒருவரைத் தொடும் அல்லது கடக்கும் முன் ஓடுபவர்மேல் பட்டால், அது தற்செயலாயினும், அவர் தளத்தின்மேல் நின்றாலும்கூட, பொதுவாக ஆட்டமிழப்பார்; ஆட்டம் அக்கணமே நிறுத்தப்பட்டு, அடித்தவருக்கு முதல் தளம் வழங்கப்படும்.

இவ்விதியின் ஓட்டை 1957 ஏப்ரல் 21 அன்று வெளிப்பட்டது. மில்வாக்கி அணிக்கு எதிரான ஆட்டத்தில், இரண்டாம் தளத்திலிருந்து ஓடிய சின்சினாட்டி வீரர் டான் ஹோக், ஒரே அடியில் இருவர் ஆட்டமிழப்பதைத் தவிர்க்க, உருண்டு வந்த பந்தைத் தாமே கையால் எடுத்ததால், அவர் ஒருவர் மட்டுமே வெளியேறினார். சில நாள்களிலேயே, இரட்டை ஆட்டமிழப்பைக் கெடுக்கும் நோக்குடன் ஓடுபவர் இடையூறு செய்தால் அடித்தவரும் வெளியேற வேண்டுமென விதி திருத்தப்பட்டது.