வன்னிக்கு வந்தவர்கள் – 7: பெர்மிட் இல்லாத பெடியள்

1947 முதல், பத்துப் பவுன் கட்டணத்தில் கப்பலேறி ஆஸ்திரேலியா போன ஆங்கிலேயர் ஏராளம். சிறு பிள்ளைகளிடம் அந்தப் பத்துப் பவுனும் வாங்கவில்லை. மிச்சச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. ஆள் வேண்டும் என்று ஒரு நாடே அழைத்த குடியேற்றம் அது.

வன்னிக்கும் அப்படி அழைக்கப்பட்டுப் போனவர்கள் உண்டு. இரணைமடு வாய்க்கால் பாயும் வட்டக்கச்சி, உருத்திரபுரம் பக்கம் குடியேறியவர்களைப் பற்றி முன்பே பார்த்தோம். அவர்களுக்குப் பின் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த வாலிபர்களுக்கு விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் அரசு காணி கொடுத்தது. 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததும் செத்தல் மிளகாய்க்கு வந்த விலையைச் சொல்லவே வேண்டாம். காட்டைக் கண்டு முகம் சுளித்தவர்களும் மெசின் வாங்கித் தோட்டத்துக்கு இறைக்கத் தொடங்கினார்கள்.

அந்தத் தோட்டங்களில் காடு வெட்டியது யார்? வெட்டிய மரத்தைக் குவித்து எரித்து, வேர் கிளப்பி, நாற்று நட்டு, வெயிலில் குனிந்து பழம் ஆய்ந்தது யார்? அவர்களில் கணிசமானவர்கள் மலையகத்திலிருந்து வந்த இளைஞர்களும் அவர்களின் குடும்பங்களும். 1973, 74இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பஞ்சம். லயத்தை விட்டு மூட்டையோடு ரயிலேறி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இறங்கினார்கள். 1958 கலவரத்துக்குப் பிறகே சிலர் வந்திருந்தார்கள். 1977 ஆகஸ்ட் கலவரம் அடுத்த பெரிய கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பழகியது குளிரும் கொழுந்தும். இங்கே மலேரியா, யானை, கோடையில் அடி காணும் கிணறு. கூலிக்கு நிற்கும் காணியின் ஓரத்தில் தடி நட்டு மண் அப்பி ஒரு கொட்டில். காணிக்காரன் போகச் சொன்னால் போகவேண்டியதுதான்.

சொந்தமாக அரச காணி கேட்கலாமே என்றால், மலையகத்தவரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. நாடற்றவனுக்கு ஏது காணிப் பெர்மிட்? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்துவைத்திருந்தது. விசுவமடு வாலிபனும் இவனும் ஒரே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். பிரித்தது அந்தப் பெர்மிட் கடதாசி ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் காந்தியம் என்ற அமைப்பு வருகிறது. வவுனியாவில் அதைக் கட்டி எழுப்பிய இருவரில் ஒருவர் டாக்டர் சோ. இராஜசுந்தரம். மற்றவர் சொ. அ. டேவிட்: கரம்பனில் பிறந்தவர், மெல்பேர்னில் கட்டடக்கலை படித்தவர், கென்யாவில் வேலை பார்த்தவர். உலகம் சுற்றிய அந்தக் கட்டடக்கலைஞர் அகதிகளின் குடிசைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றதை நம் வரலாற்று நூல்கள் இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கலாம். அகதிக் குடும்பங்களைக் காட்டோரங்களில் குடியமர்த்தினார்கள். பாலர் பள்ளிகள் நடத்தினார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தப்பி மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்ட டேவிட், செப்டம்பரில் அந்தச் சிறை உடைக்கப்பட்டபோது வெளியேறித் தமிழ்நாட்டுக்குப் போனார். 2015இல் நாடு திரும்பி, அதே ஆண்டு கிளிநொச்சியில் காலமானார்.

கூலிக்கு வந்தவர்கள் ஊர்களாகினார்கள். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றி அந்தப் பெயர்கள் இருக்கின்றன. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. குடியுரிமை வந்தாலும் வயல் வரவில்லை. இரணைமடுத் தண்ணீர் பாயும் நெற்காணிகள் பெரும்பாலும் முந்திய திட்டக் குடியேற்றக்காரர் கையில் இருக்க, இந்த ஊர்க்காரர் பலர் மேட்டுக்காணித் தோட்டத்தையும் நாட்கூலியையும் நம்பியே காலம் தள்ளினார்கள்.