கம்பிக்குள் ஒரு காவல்காரன்

மஞ்சள், வெள்ளை, சிவப்பு. டிவிடி பிளேயரோடு வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்று நிறங்களும் ஒரே வரிசையாகத்தான் ஞாபகம் இருக்கும். பிளேயருக்குப் பின்னால் மூன்று ஓட்டை, டிவிக்குப் பின்னால் மூன்று ஓட்டை. மஞ்சளில் படம் போகும். வெள்ளை இடது காதுக்கு, சிவப்பு வலது காதுக்கு. மாற்றிச் செருகினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஸ்பீக்கர் 'கொர்ர்' என்று உறுமும், எடுத்துச் சரியான இடத்தில் செருகினால் போதும். பத்து வயதுப் பிள்ளைகூட ரெண்டு நிமிஷத்தில் சரி பண்ணிவிடும்.

இன்று ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள்தான். தப்பாகச் செருகவே முடியாது. ஆனால் திரை கறுப்பாக நிற்கும்போது ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. எளிமையாகிவிட்ட ஒரு பொருள் எப்படி இவ்வளவு புரியாததாக மாறியது? இந்தக் கேள்வியின் பின்னாலேயே போனபோது, ஒரு நீதிமன்ற வழக்கில் போய் நின்றேன்.

முதலில் அந்த மூன்று நிறச் செருகி. அதற்கு ஆர்சிஏ என்று பெயர். ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், இசைத்தட்டுக் கருவியை ரேடியோவோடு இணைத்து, ரேடியோவின் ஸ்பீக்கரிலேயே பாட்டுக் கேட்பதற்காக வந்தது. அதனால்தான் இன்றும் அதை 'ஃபோனோ' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் வடிவமைப்பில் ஒரு குறை உண்டு. செருகும்போது வெளி வளையம் தொடுவதற்கு முன்பே நடு ஊசி தொட்டுவிடும். ஆம்ப்ளிஃபையர் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நொடி பயங்கரமாக இரையும். யாரும் இதைத் திருத்தவில்லை. மலிவாக இருந்தது, வேலை செய்தது, பிழைத்துக்கொண்டது.

இந்த வகைக் கம்பியில் பழுது என்பது ஒரு இடம். ஒரு காதில் சத்தம் இல்லையா, வெள்ளையையும் சிவப்பையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஊமைக்காது பக்கம் மாறினால் கோளாறு கேபிளிலோ பிளேயரிலோ, மாறாவிட்டால் டிவியில். விடாத ஒரு ரீங்காரம் கேட்கிறதா, இரண்டு கருவிகள் இரண்டு வேறு இடங்களில் எர்த் ஆகி, அந்த வேறுபாடு ஒலிக்கம்பி வழியாக ஓடுகிறது என்று பொருள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரமும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கும். கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் என்ற ஒளிக்கம்பியில் இந்தத் தொல்லையே கிடையாது. அதில் வெளிச்சம்தான் போகிறது, மின்சாரம் போவதில்லை.

கம்பி பேச ஆரம்பித்தது ஐரோப்பாவில். பிரெஞ்சு உற்பத்தியாளர் சங்கம் உருவாக்கிய ஸ்கார்ட் என்ற பெரிய, முரட்டுச் செருகி 1980-களில் பரவியது. 21 முனைகள். அதில் எட்டாவது முனையில் கொஞ்சம் மின்னழுத்தம் வந்தால், 'நான் ஓட ஆரம்பித்துவிட்டேன்' என்று பிளேயர் டிவிக்குச் சொல்வதாக அர்த்தம். டிவி தானாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வீட்டுக்காரருக்கு ரிமோட்டைத் தேடும் வேலை மிச்சம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1975-இல் சோனி பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டரை வெளியிட்டது. அடுத்த ஆண்டே யுனிவர்சலும் டிஸ்னியும் வழக்குப் போட்டன. வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்வது பதிப்புரிமைத் திருட்டு என்பது அவர்கள் வாதம். 1984-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்துகொள்வது நியாயமான பயன்பாடு என்றது. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் நம் டெக், கேசட் காலமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு, 1985-இல், 'தி காட்டன் கிளப்' படத்தின் கேசட் மேக்ரோவிஷன் என்ற தொழில்நுட்பத்தோடு வந்தது. படத்தின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவே, திரையில் தெரியாத ஓர் இடைவெளி சிக்னலில் உண்டு. அங்கே வேண்டுமென்றே சில பொய்த் துடிப்புகளை வைத்தார்கள். டிவி அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் ரெக்கார்டருக்குள் சிக்னலின் அளவைத் தானாகச் சரிசெய்யும் பகுதி ஏமாந்துபோகும். படம் இருட்டும், வெளுக்கும், மறுபடி இருட்டும். நீதிமன்றத்தில் அனுமதிக்கப்பட்டதை மின்சுற்றில் தடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

பின்னால் டிவிடி பிளேயர்களுக்கும் இது வந்தது. பழைய டிவியில் மஞ்சள் ஓட்டை இல்லாதவர்கள், பிளேயரை வீடியோ ரெக்கார்டரில் செருகி அதன் வழியாக டிவிக்குக் கொண்டுபோனார்கள். எதையும் பதிவு செய்யவில்லை, படம் மட்டும்தான் பார்த்தார்கள். ஆனாலும் இருட்டி இருட்டி வெளுத்தது. எத்தனை பேர் கேபிளை மாற்றிப் பார்த்திருப்பார்கள்! கேபிளில் பழுதே இல்லை. எல்லாம் திட்டமிட்டபடிதான் வேலை செய்தது.

2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ-யின் முதல் பதிப்பு வந்தது. ஹிட்டாச்சி, பானசோனிக், ஃபிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா என்று ஏழு நிறுவனங்கள். 19 முனைகள். செருகியதும் பிளேயர் 5 வோல்ட் அனுப்பும். டிவி 'நான் இருக்கிறேன்' என்று ஒரு முனையை உயர்த்தும். பிளேயர் டிவியின் தகவல் அட்டையைப் படிக்கும்: எத்தனை பிக்சல், என்னென்ன ஒலி வடிவம். இதுவரை ஸ்கார்ட்டின் வாரிசுதான். அடுத்ததாக இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற காவல்காரன் எழுந்து வருகிறான். ஒவ்வொரு கருவிக்குள்ளும் 40 ரகசியச் சாவிகள், ஒவ்வொன்றும் 56 பிட். கூடவே, சரியாக 20 ஒன்றும் 20 பூஜ்யமும் கொண்ட 40 பிட் அடையாள எண். இரண்டு கருவிகளும் எண்களை மாற்றிக்கொண்டு, தங்கள் சாவிகளில் சிலவற்றைக் கூட்டி ஒரே விடைக்கு வர வேண்டும். வந்தால்தான் படம். அதோடு முடியவில்லை, படம் ஓடும்போதும் ஏறக்குறைய இரண்டு நொடிக்கொரு முறை சரிபார்ப்பு நடக்கும்.

'கம்ப்யூட்டர் படிச்ச பையன்' என்று பெயர் எடுத்துவிட்டால் சொந்தக்காரர்கள் போன் பண்ணுவார்கள். "தம்பி, சத்தம் வருது, படம் வரல." நான் எப்போதும் சொல்வது இதுதான். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் விடுங்க. முதலில் டிவி, அப்புறம் ஆம்ப்ளிஃபையர், கடைசியில் பிளேயர் என்று போடுங்க. மந்திரம் மாதிரித் தெரியும். உண்மையில் கேட்கப்போகிறவர் விழித்திருக்கும்போது பேச்சைத் தொடங்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கேபிள் நீளம் அதிகம், அல்லது தரம் போதாது. சின்னதாக மாற்ற வேண்டும். முழுத் திரையும் பனி பெய்வது போலிருந்தால் சாவிப் பொருத்தம் தவறியிருக்கலாம். 4கே பிளேயர் வாங்கி, பழைய ஆம்ப்ளிஃபையர் நடுவில் இருந்தால் அதற்கு எச்டிசிபி 2.2 தெரியாது. படத்தை நேராக டிவிக்குக் கொண்டுபோய், ஒலியை மட்டும் ஏஆர்சி வழியாகவோ ஒளிக்கம்பியிலோ ஆம்ப்ளிஃபையருக்குத் திருப்ப வேண்டும்.

சரி, இத்தனை காவலும் எதைக் காத்தது? 2001-லேயே ஆய்வாளர்கள் அந்தக் கணக்கின் பலவீனத்தை எழுதிவிட்டார்கள். வெறும் கூட்டல் என்பதால், சுமார் 40 கருவிகளின் சாவிகள் கிடைத்தால் மூலச்சாவியையே கட்டிவிடலாம். நீல்ஸ் ஃபெர்குசன் என்ற டச்சுக் குறியாக்க வல்லுநர் தானும் உடைத்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து கட்டுரையை வெளியிடவில்லை. 2010 செப்டம்பரில் மூலச்சாவி இணையத்தில் வெளியானது. அது உண்மையானதுதான் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது.

கதவின் சாவி தெருவில் கிடந்த அதே நேரத்தில், ஜன்னல்களை அடைக்கும் வேலை தொடர்ந்தது. 2010 முடிந்தபின் தயாரிக்கப்படும் ப்ளூரே பிளேயர்கள் பழைய கம்பி வழியாகச் சாதாரணத் தரத்தில்தான் படம் தரலாம், 2013-க்குப் பின் அதுவும் கூடாது என்று உரிம ஒப்பந்தம் சொன்னது. மஞ்சள் ஓட்டை ப்ளூரே பிளேயர்களின் முதுகிலிருந்து மறைந்துபோனது இப்படித்தான்.

எச்டிஎம்ஐ-யை நான் வெறுக்கவில்லை. ஒரே கம்பியில் இவ்வளவு துல்லியமான படமும் எட்டு சேனல் ஒலியும் வருவது சாதாரண விஷயமில்லை. என் வருத்தம் வேறு. திருட்டுப் பிரதி வைத்திருப்பவரிடம் இந்தக் காவல்காரன் எதுவும் கேட்பதில்லை. அந்தக் கோப்பில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. காசு கொடுத்து வட்டு வாங்கியவரைத்தான் இரண்டு நொடிக்கொரு தடவை 'நீ யார்?' என்கிறான். அவன் மறுக்கும்போதும் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை. திரை கறுப்பாகிறது, ஒரு வீட்டில் யாரோ எழுந்து போய், நல்ல கேபிளைக் கழற்றித் துடைத்து, ஊதி, மறுபடி செருகுகிறார்.