மாஹிமில் நுரையீரல் என்னும் சொல்

மும்பையில் மாஹிம் கழிமுகத்தை ஒட்டி, மித்தி ஆற்றின் தென்கரையில், தாராவியின் விளிம்பில் இருக்கிறது மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. ஏறத்தாழ 37 ஏக்கர். 1970கள் வரை நகரம் குப்பை கொட்டிய மேடு அது. 1983இல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே முதல் மரக்கன்றை நட்டார். 1994இல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. இதையும் கழிமுகத்து அலையாத்திக் காட்டையும் நகரத்தின் நுரையீரல் என்றழைப்பது பத்திரிகை வழக்கம். இந்த வழக்கு, காசநோய் உண்மையில் எங்கே பரவுகிறது என்பதை மறைத்துவிடுகிறது என்பது என் வாதம்.

உருவகத்தின் ஊர் லண்டன். 1808இல் ஹைட் பார்க்கில் வீடு கட்டும் திட்டத்தை எதிர்த்துப் பேசிய நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் விண்டம், பூங்காக்களை லண்டனின் நுரையீரல் என்றார். சாட்டம் பிரபுவின் வாக்காக அதைச் சொன்னார். கெட்ட காற்றே நோய்க்கு மூலம் என்று நம்பிய காலம். காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882இல் ராபர்ட் கோக் அறிவித்தபின் அந்த நம்பிக்கை தளர்ந்தது. உருவகம் மட்டும் தங்கிவிட்டது. அலையாத்திக்கு இந்தப் பட்டம் தேவையுமில்லை. 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டிய நகரில், வெள்ளத்துக்கும் அலைக்கும் ஈடுகொடுக்கும் கரை என்பதே அதைக் காக்கப் போதிய காரணம்.

அதே மாஹிமில்தான் ஹிந்துஜா மருத்துவமனையும் இருக்கிறது. சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயாளிகள் நால்வரைப் பற்றி அதன் மருத்துவர் சரீர் உத்வாடியாவும் குழுவினரும் எழுதியது 2012 தொடக்கத்தில் பெரும் செய்தியானது. ‘முற்றிலும் மருந்துக்குக் கட்டுப்படாத’ என்ற பெயரை அரசு ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதற்கு வரையறை இல்லை என்றது. நோயின் பெயருக்கு இவ்வளவு வழக்காடினோம். அது பரவும் அறையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடப் போனவர்களின் வழிவந்த குடும்பங்கள் தாராவியில் இன்றும் உண்டு. அவர்களுக்கும் நமக்கும் பொதுவான வீட்டுப் பேச்சில் நோய் நெஞ்சில்தான் இருக்கும்: நெஞ்சுச் சளி, இளைப்பு, கொஞ்சம் குரல் தாழ்த்தி டிபி. நுரையீரல் என்பது எக்ஸ்ரே அறிக்கையிலும் கறிக்கடையிலும் வரும் சொல். வளர்ந்தவரின் நுரையீரல் நுண்ணறைகளை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர். நூறு சதுர அடி அறைகள் ஏழரையின் பரப்பு. அத்தகைய ஓர் அறையில் ஐந்தாறு பேர் உறங்கும்போது, ஒருவர் இருமிய காற்றையே மற்றவர்களும் இழுக்கிறார்கள். கிருமி மணிக்கணக்கில் மிதக்கும். அதை நீர்க்கச் செய்வது எதிரெதிர்ச் சன்னல்களும் வெளிச்சமும். சாலைக்கு அப்பாலுள்ள மரமல்ல.

மாடிவீடு கிடைத்தால் இது தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. செம்பூருக்குக் கிழக்கே கோவண்டி, மான்கூர்து மறுகுடியமர்வுக் கட்டடங்களை ஆராய்ந்தவர்கள், நெருக்கிக் கட்டியதால் வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். தாராவியின் மறுசீரமைப்பு வரைபடத்தில் பசுமைப் பரப்பை மட்டும் எண்ணினால் போதாது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே எத்தனை மீட்டர், கீழ்த்தளச் சன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது என்பவற்றை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் காட்ட வேண்டும்.