பணிச்சுமைச் சமனாக்கம்

பணிச்சுமைச் சமனாக்கம் என்பது ஒரே பணியாளர்கள் பல திட்டங்களில் ஈடுபடும்போது, எவர் தலையிலும் வேலைநேரத்துக்கு மிஞ்சிய பணி விழாதபடி வேலைகளின் தேதிகளை நகர்த்தியமைக்கும் முறை. இறுதித் தேதி தள்ளிப்போனாலும் ஆள் அளவைத் தாண்டாதிருப்பது சமனாக்கம். இறுதித் தேதியை மாற்றாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் குறைப்பது சீராக்கம். சிலர் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகின்றனர்.

வரலாறு

இதன் முன்னோடி போலந்துப் பொறியாளர் கரோல் அடாமியெட்ஸ்கி. அவர் 1896இல் ‘ஹார்மோனோகிராம்’ என்ற வரைபடத்தை உருவாக்கினார். போலிஷ், ருஷ்ய மொழிகளில் மட்டுமே எழுதியதால் மேற்குலகம் அவரை அறியவில்லை; பெயரும் புகழும் பின்னால் வந்த அமெரிக்கர் ஹென்றி கான்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கான்டின் முறைகளை விளக்கி வாலஸ் கிளார்க் 1922இல் வெளியிட்ட நூலில் ‘சுமைப் படம்’ இடம்பெறுகிறது. எந்த இயந்திரத்துக்கு, எந்தப் பிரிவுக்கு எத்தனை நாள் வேலை காத்திருக்கிறது என்பதைக் கோட்டின் நீளத்தால் காட்டுவது அது. இன்றைய மென்பொருள் திரைகள் அதன் வழித்தோன்றல்களே.

1957இல் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களில் பிறந்த ‘முக்கியப் பாதை முறை’ என்ற திட்ட அட்டவணை உத்தி, ஆள்பலத்துக்குக் குறைவே இல்லை என்று எடுத்துக்கொண்டது. அந்தக் குறையை 1962இல் பர்ஜஸ், கில்லப்ரூ இருவரும் எளிய கணக்கால் அணுகினர்: நாள்தோறும் தேவைப்படும் ஆட்களின் வர்க்கங்களைக் கூட்டி, அத்தொகையைக் குறைக்க வேண்டும். மூன்று நாட்களுக்கு 4, 6, 2 பேர் தேவையென்றால் தொகை 56. தாமதிக்க இடமுள்ள இருவர் வேலையை இரண்டாம் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குத் தள்ளினால் 4, 4, 4; தொகை 48.

பெரிய அட்டவணைகளுக்கு மிகச்சிறந்த விடையை விரைவில் தரும் பொதுவழி எதுவும் அறியப்படவில்லை. இச்சிக்கல் அத்தகைய கடினவகையைச் சேர்ந்தது என்பதை பிளசேவிச், லென்ஸ்ட்ரா, ரின்னோய் கான் மூவரும் 1983இல் நிறுவினர். எனவே மென்பொருள்கள் முன்னுரிமை விதிகளைக் கொண்டு ஏறக்குறைய நல்ல விடையோடு நிறைவடைகின்றன.

மென்பொருளில்

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் அளவுமிஞ்சிய பணி பெற்றவரின் பெயர் சிவப்பாகும். முன்னுரிமை 0 முதல் 1000 வரை. வழக்கமான மதிப்பு 500. 1000 இட்ட வேலையைச் சமனாக்கம் தொடாது. தம் வேலைக்கெல்லாம் 1000 இடும் மேலாளரிடம் இந்த ஏற்பாடு எடுபடாது. பல திட்டக் கோப்புகளைப் பொது ஆள்பட்டியல் ஒன்றோடு இணைத்தால்தான் ஒருவரின் மொத்தச் சுமை தெரியும்.

இப்போது இணையவழிச் சேவைகள் பலவும் இவ்வசதியை வழங்குகின்றன.